முழுப்பேர்

கண்ணகிக்குப் படிமம் சமைப்பதற்கென இமயத்தில் எடுத்த கல்லை, போரிலே தோற்ற கனகனும் விசயனும் தம் தலைமேல் சுமந்து வந்தனர் என்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் உரைக்கின்றது. அப்பகுதியை நாம் வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது ஒரு மாணவியாவது எழுந்து, "அவ்வளவு பெரிய கல்லை அந்த இரண்டு பேருமா சேர், சேர நாடுவரைக்கும் தூக்கிவந்தார்கள்?" என்று கேட்பதுண்டு. தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சுமையின் இயல்பு தெரியும். ஆகவேதான் இக்கேள்வி அவர்களுக்கு எழுகின்றது. படையோடு சென்றவருள் பெயர் தெரியாத எத்தனையோ பேர் அக்கல்லுக்குத் தோள் கொடுத்திருத்தல் வேண்டும். ஆனால், தோற்றாலும் அரசர் அரசரே. சுமந்தவர் என்ற பெயர் அவ்விருவருக்கே நின்றுவிட்டது.

ஓர் உருவத்தைப் பெறுவதற்காகப் பாரம் சுமந்து மலை ஏறி இறங்கும் வழக்கம் அக்காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. கல் போய்க் கண்ணாடி வந்தது. அவ்வளவே வேறுபாடு.

1851ஆம் ஆண்டில் ஃபிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்பார் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்ற பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் கமராவில் இட்டுப் படம் எடுத்து, உடனே இருளில் வைத்து உருத்துலக்குதல் வேண்டும். அனைத்துக்கும் கிடைக்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடமே. ஆகவே, படம் எடுக்கச் சென்றவர் இருட்டறையையும் கூடவே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், தொட்டிகள், தண்ணீர் என்று சுமை பெருகியது. தகட்டின் அளவே படத்தின் அளவாக இருந்தமையால், பெரிய படம் வேண்டுவோர் பெரிய தகட்டையும், அது கொள்ளும் பெரிய கமராவையும் கொண்டு போயினர்.

'கொண்டு போயினர்' என்று எழுதிவிட்டோம். மொழி எவ்வளவு எளிதில் பொய் சொல்லிவிடுகின்றது! கொண்டு போனவர் வேறு. படம் எடுத்தவர் வேறு. 1863இல் சாமுவேல் போர்ன் சிம்லாவிலிருந்து இமயத்தின் உட்பகுதிக்குப் புறப்பட்டபோது அவருடைய பொருள்களைச் சுமந்தோர் முப்பதின்மர் அளவினர். 1866இல் அவர் பதினெண்ணாயிரம் அடிக்கும் மேற்பட்ட மணிரங் கணவாயில் நின்று படம் எடுத்தார். அத்துணை உயரத்தில் அதற்குமுன் எவரும் படம் எடுத்ததில்லை என்று நிழற்பட வரலாறு அவரைப் போற்றுகின்றது. அவரது கமராவும் தகடுகளும் அதே உயரத்துக்கு மனித முதுகுகளின்மேல் ஏறியவை. அம்முதுகுகளுக்கு உரியவர்களைப் பற்றி, அவர்கள் சுமையை வழியிலே போட்டுவிட்டு ஓடினார்கள் என்ற சலிப்புரையே அவர் எழுத்தில் எமக்குக் கிடைக்கின்றது. பெயர்கள் கிடைக்கவில்லை.

எமது நாட்டிலும் இதற்கொப்பான ஒரு செய்தி உண்டு. உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1830களின் தொடக்கத்தில் இத்தீவின் ஆட்சிமுறையை ஆராய வந்த கோல்புறூக் – கமெரன் ஆணைக்குழுவின் கமெரனே அவருடைய கணவர். மலைநாட்டில் அக்குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் திக்கோயாப் பகுதியிலே உயிர் நீத்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்படும்வரை அம்மையார் இங்கே எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றுட் பல உழைக்கும் மக்களின் படங்கள். களுத்துறையில் அவரைப் பார்க்கச் சென்ற ஓவியர் மரியான் நோர்த் ஒரு நிகழ்ச்சியைத் தம் நினைவுநூலிற் குறித்திருக்கின்றார். உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகழகிலே மனம் பறிகொடுத்த கமெரன் அம்மையார், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். அவருக்கோ பராமரிக்கத் தோட்டமே இல்லை. விருந்தாளியாகிய நோர்த்தையும் அம்மையார் படம் எடுத்தார். அப்படத்தின்கீழ் நோர்த் என்ற பெயர் இன்றும் உண்டு. முதுகுக்குரியவர் பெயரோ தெரியவில்லை.

இதனை நாம் பலமுறை வகுப்பிலே சொல்லிச் சிரித்திருக்கின்றோம். அந்தச் சிரிப்பு எம்மையே நோக்கித் திரும்பி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

2023ஆம் ஆண்டு மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டாக நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்துவந்த வழியைப் பின்பற்றி அவ்வாண்டு யூலை, ஓகஸ்ற் மாதங்களில் ஒரு நடைபவனி நடந்தது. சப்பிரகமுவ மாகாணத்தில் நாம் கற்பிக்கும் பாடசாலையிலும் மாணவர் ஒரு கண்காட்சி வைக்க விரும்பினர். நுவரெலியாவையும் பதுளையையும் போலன்றி, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எம்மக்கள் சிதறி வாழ்வோர். இங்கே ஒரு தோட்டம், இடையிலே சிங்களக் கிராமங்கள், அப்பால் இன்னொரு தோட்டம் என்ற அமைப்பு. மலையகம் என்றாலே குளிர்நாட்டுத் தேயிலை என்று எண்ணுவோர், கீழே றப்பர் மரத்தில் பால் வெட்டுவோரை மறந்துவிடுவதும் உண்டு. ஆகவே எமது மாகாணத்தின் படங்களையே சேர்ப்போம் என்று பிள்ளைகள் உறுதி கொண்டனர்.

சேர்க்கத் தொடங்கியபின்தான் வறுமை தெரிந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து உந்துகொடையில், நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்கென எடுத்தபோது, வெளியேற மறுத்த தொழிலாளர் வழக்குகளைச் சந்தித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைமையில் வேலைநிறுத்தம் மாவட்டமெங்கும் பரவியது. நிலமற்ற கிராமத்து ஏழையும் வீடிழக்கும் தோட்டத்து ஏழையும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட அந்நாளின் முகம் ஒன்றேனும் கிடைக்குமா என்று தேடினோம். கிடைக்கவில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோது தகரப் பெட்டிகளும் எரிந்தன. பிறப்புப் பத்திரமும் திருமணப் படமும் அவற்றுக்குள் இருந்தவை. இறுதியில் மாணவர் கொண்டு வந்தவற்றை மேசைமீது பரப்பிப் பார்த்தோம். வந்தவை மூன்று வகையே.

முதலாவது வகை, தேயிலையை விற்பதற்காக மலை ஏறிய கமராவின் படங்கள். கொழும்பிலே 1890இல் தொடங்கிய பிளேட்டே போன்ற நிறுவனங்களின் தபாலட்டைகளில் கூடை சுமந்த பெண்கள் புன்னகை செய்கின்றனர். கீழே 'தேயிலை பறிப்போர்' என்பது போன்ற பொதுச்சொல் ஒன்று. தேயிலைப் பிரசாரச் சபையின் பொருட்டு பஸில் ரைட் எடுத்து 1934இல் முடித்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற புகழ்பெற்ற படத்தையும் இவ்வகையிலேயே சேர்த்தோம். எமது மாகாண எல்லையில் நிற்கும் சிவனொளிபாத மலையின்மேல் யாத்திரிகர் ஏறும் காட்சி அதில் உண்டு. இயக்கியவர் பெயரும், இசையமைத்தவர் பெயரும், குரல் கொடுத்த லயனல் வென்ற்றின் பெயரும் யாவரும் அறிந்தவை. பெட்டி சுமந்தவர் பெயரைக் கேட்டால் விடையில்லை. இரண்டாவது வகை, அனுப்பி வைப்பதற்காக எடுத்த படங்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரை இரு நாடுகளும் 1964இல் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரிலே கப்பல் ஏறுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பல குடும்பங்களின் முதற்படம் பிரிவின் படமாகவே அமைந்தது. மூன்றாவது வகை, 1972 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டைக்கு எடுத்தவை.

விற்க, அனுப்ப, எண்ண என்று மூன்று தேவைகளுக்குக் கமரா மலை ஏறியிருக்கின்றது. எம்மக்கள் தமக்கென வேண்டி அதனை ஏற்றியது மிகக் குறைவு. "அப்படியானால் நாங்களே எடுப்போம் சேர்" என்றனர் மாணவர்.

தெரணியகலைக்கு மேலே, சீதாவக்கை ஆற்றுக்கு நீர் தரும் மலைச்சரிவு ஒன்றில், மண்சரிவினால் பாதை துண்டிக்கப்பட்ட ஒரு தோட்டப்பிரிவு இருந்தது. எம் மாணவி ஒருத்தியின் ஊர் அது. பிரிவை மூடப்போகின்றார்கள் என்ற பேச்சு அடிபட்டது. மூடினால் அங்குள்ள முதியோர் திக்குக்கு ஒருவராகச் சிதறுவர். ஆகவே முதலில் அங்கே செல்வதென்று முடிவாயிற்று.

இக்காலத்தில் கைபேசி இல்லாத வீடு இல்லையே, இத்தனை பாரம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். எமது நண்பர்களும் கேட்டார்கள். பழைய படங்களையும் மங்கிய துண்டுகளையும் எழுத்துத் தெரியுமாறு பிரதிசெய்ய அசையாத முக்காலியும் நல்ல வில்லையும் தேவை. லயத்து இருட்டில் முகம் தெரிய விளக்கு தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த படத்தைத் தாளிலே பதித்து அன்றைக்கே அவர்கள் கையிற் கொடுத்துவிட வேண்டும் என்று நாம் எண்ணினோம். படம் எடுத்தவன் படத்தோடு இறங்கிப்போவதே இதுவரையுள்ள வழக்கம். அதனை மாற்ற விரும்பினோம். அப்பிரிவில் மின்சாரம் நின்று பல வாரம் ஆயிருந்தது. ஆதலால் அச்சுப்பொறி ஒன்றும், அதற்கு மின்னூட்டக் கார் பற்றரி ஒன்றும் சேர்ந்தன. உண்மையைச் சொன்னால், சுமையில் பாதி அந்த ஒரு விருப்பத்தின் நிறையே.

நாமும் எம் உடனாசிரியர் ஒருவரும் மாணவர் மூவரும் பஸ்ஸிலும் பின்பு முச்சக்கர வண்டியிலும் சென்று, பாதை அறுந்த இடத்தில் இறங்கினோம். பக்கத்திலே கொழுந்து மடுவம். மாணவர் விளையாட்டாக எமது பெட்டிகளைக் கொழுந்துத் தராசில் மாட்டி நிறுத்தனர். மொத்தம் 41 கிலோ. அதில் பற்றரி மட்டும் 13. முக்காலி மரத்தாலானது, மூடிப்போன ஒரு ஸ்ரூடியோவிலிருந்து இரவல் வாங்கியது, இருவரின்றித் தூக்க இயலாதது.

அங்கிருந்து ஆறு கிலோமீற்றர். இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் மழை என்பது பருவம் அன்று, இருப்பு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாகப் பெய்கின்றது. வில்லையிலே பூஞ்சணம் பிடிக்காதிருக்க, வறுத்த அரிசியைச் சீலையில் முடிந்து பெட்டிக்குள் வைத்திருந்தோம். முதலில் றப்பர்க்காடு. முந்தின இரவின் மழையினால் பால் வெட்டு நின்று, சிரட்டைகள் வெறுமையாகத் தொங்கின. சருகின்மேல் ஈரம், ஈரத்தின்மேல் அட்டை. சவர்க்காரத்தைக் காலிலே தேய்த்திருந்தும் அட்டைகள் எம்மை மதிக்கவில்லை. பற்றரிப் பெட்டியின் பட்டி தோளை அறுத்தது. நூறு பாகம் நடப்பதும், இறக்கி வைப்பதும், கை மாற்றுவதுமாக ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீற்றர்கூடச் செல்லவில்லை. மதகு உடைந்த ஓர் ஓடையில், எதிரே வந்த சிங்களப் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர், நாம் கேளாமலே முழங்காலளவு நீரில் இறங்கி நின்று பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி அக்கரையில் வைத்தார். "மேலே இருக்கிறவர்களுக்குப் பாதை எப்போது போடுவார்கள்?" என்பதே அவர் எம்மைக் கேட்ட ஒரே கேள்வி. எம்மை அதிகாரிகள் என்று நினைத்திருந்தார். இல்லை, படம் எடுப்பவர்கள் என்றோம். அவர் முகத்தில் வந்த ஏமாற்றம் எமக்கு விளங்கியது.

றப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் நாம் களைத்து உட்கார்ந்திருந்தபோது, அந்த அம்மாயி வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கீழே கூட்டுறவுக் கடைக்குப் போய்த் திரும்புகின்றவர். தலையிலே கூடைக்கயிறு, கூடைக்குள் அரிசியும் மண்ணெண்ணெய்ப் போத்தலும். எம்மை ஏறிட்டுப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.

"என்னங்க சேர், பாரத்த இப்படியா தூக்குறது? தோள்ல போட்டா தோள் தான் போகும். தலைக்குக் குடுக்கணும்."

"பரவாயில்லை அம்மாயி, நாங்கள் மெல்ல மெல்லப் போய்விடுவோம்."

"நீங்க மெல்லப் போறதுக்குள்ள மழை வந்துரும். அந்தக் கறுப்புப் பெட்டிய இங்கிட்டுக் குடுங்க."

மறுத்தோம், மன்றாடினோம். அவர் எம் பேச்சைக் காதில் வாங்கவில்லை. தமது அரிசியை மாணவியிடம் கொடுத்தார். பற்றரிப் பெட்டியைக் கூடைக்குள் இறக்கச் சொன்னார். சீலைத் துண்டை மடித்துச் சும்மாடாக உச்சியில் வைத்து, கயிற்றை அதன்மேல் இட்டு, முன்னுக்குச் சற்றே குனிந்து ஒரே மூச்சில் எழுந்தார். "மேல பாக்காதீங்க. காலப் பாத்து சின்ன அடியா வைங்க. பேசிக்கிட்டே நடந்தா பாரம் தெரியாது" என்று எமக்குப் பாடமும் நடத்தினார். பிறகு, சிரியாமலே கேட்டார்:

"ஏங்க சேர், எனக்கு முழுப்பேர் போடுவீங்களா, இல்ல அரைப்பேர் தானா?"

தோட்டத்து வழக்கு அறியாதவர்க்கு இதனை விளக்குதல் வேண்டும். தோட்டங்களில் 'பேர்' என்பது ஒருநாள் வேலை. செக்ரோலில் ஒருவருடைய பெயருக்கு நேரே அன்றைய வேலை பதியப்படுவதால் இவ்வழக்கு வந்திருத்தல் கூடும். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பெயரை வேலைக்கு ஆகுபெயராக்கிய இச்சொல்லைப் பல்கலைக்கழகத்தில் எமக்கு எவரும் கற்பிக்கவில்லை. நாளுக்கு நாள் பெயர் பதியப்பட்டும், பெயரற்றவராகவே வாழ்ந்து மறையும் ஒரு மக்களின் வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கின்றது.

"முழுப்பேர் தான் அம்மாயி" என்றோம்.

அவர் முன்னே நடந்தார். சரிவிலே மூடுபனி இறங்கியிருந்தது. தேயிலை நிரைகளுக்கு இடையே, கயிறு இழுத்த கழுத்தும், வளைந்த முதுகும், அதன்மேல் எமது கறுப்புப் பெட்டியும். அக்காட்சியின் அழகிலே மயங்கி நாம் கமராவை எடுத்து, பின்னாலிருந்து ஒரு படம் பிடித்தோம். அவரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. கமெரன் அம்மையாரின் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் நாம்தாம் என்பது அக்கணத்தில் நினைவுக்கு வரவில்லை.

லயத்தை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. இஸ்தோப்பில் பின்திரையைக் கட்டி, பற்றரியைப் பூட்டி, விளக்கை ஏற்றினோம். செய்தி பரவியது. மக்கள் வந்தனர். நாம் வரலாறு எழுத வந்திருந்தோம். வந்தவர்களுக்கோ வேறு தேவைகள் இருந்தன. வெளிநாட்டு வேலைக்கு மனுப்போட ஓர் இளைஞருக்குப் படம் வேண்டும். வங்கிக் கணக்குக்கு ஒருவருக்கு வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு தாய், "சும்மாதான் சேர், இவ சின்னதுல எப்படி இருந்தான்னு பின்னால காட்ட" என்றார். இவற்றையெல்லாம் எடுத்தோம். தாள் அச்சுப்பொறியிலிருந்து நகர்ந்து வெளியே வரும்போது சிறுவர் மூச்சை அடக்கி நின்றனர்.

ஒரு முதியவர் ஒரு பொலித்தீன் உறைக்குள்ளிருந்து கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். கொழும்பிலே வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்ட மகனின் அடையாள அட்டைப் போட்டோப்பிரதி அது. "மூத்தவனுங்க. இத பெருசாக்கி மாட்டணும். வேற படம் இல்ல." போனிலே படங்கள் இருந்தனவாம், போன் பழுதாகிப் படங்களும் போயினவாம். எம்முடைய நல்ல வில்லையைப் பூட்டி, விளக்கை இருபுறமும் வைத்து அக்கடதாசியைப் பிரதிசெய்தோம். பெரிதாக்கிப் பார்த்தபோது கரும்புள்ளிகள் தெரிந்தனவேயன்றி முகம் தெரியவில்லை. பிரதியின் பிரதி அது. 41 கிலோவும் அவ்விடத்தில் பயன் தரவில்லை. "கொஞ்சம் பாத்து செய்யுங்க சேர்" என்று அவர் மீண்டும் சொன்னார். தமிழ் இலக்கியத்திலே நடுகல் பற்றி நாம் பல மணிநேரம் பேசியிருக்கின்றோம்; இறந்தவனின் பெயரையும் செயலையும் கல்லிலே பொறித்து நட்டவர் எம் முன்னோர் என்று பெருமை பேசியிருக்கின்றோம். ஒரு தந்தைக்கு மகனின் முகத்தைத் தர எம்மால் இயலவில்லை. கிடைத்த அளவில் அச்சிட்டுக் கொடுத்தோம். அதனையும் அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அம்மாயியின் முறை வந்தது. கூடையோடு தேயிலைக்குள் நின்றால் நன்றாக இருக்கும் என்று எம் உடனாசிரியர் சொன்னார். அம்மாயி தலையை அசைத்தார்.

"அறுவது வருஷம் கூடையோட நின்னாச்சு. உக்காந்த மாதிரி எடுங்க."

நாற்காலி ஒன்று எங்கிருந்தோ வந்தது. மருமகளின் கத்தரிப்பூ நிறச் சேலையை உடுத்து, தலையை நீரால் படிய வாரி, இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, நேரே கமராவைப் பார்த்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. துரைமாரின் பங்களாவிலே சுவரில் தொங்கும் படங்களில் துரைமார் எப்படி உட்கார்ந்திருப்பரோ, அப்படி உட்கார்ந்தார். அப்படத்தை அச்சிட்டோம். அத்துடன், மலைப்பாதையில் எடுத்த படத்தையும் அச்சிட்டு, மகிழ்வார் என்று எண்ணிச் சற்றுப் பெருமிதத்தோடே அவர் கையிற் கொடுத்தோம்.

அவர் அதனை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கள்தான் அம்மாயி. எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது."

"முதுகு எல்லாருக்கும் தான் இருக்கு சேர். மூஞ்சி எங்க?"

கூடி நின்றவர்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். அவரிடம் கோபம் இல்லை. நாற்காலிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, முதுகுப் படத்தை எம்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கலை என்ற வகையில் அம்முதுகுப் படமே சிறந்தது. பனி, மலை, சுமை, தனிமை யாவும் அதிலே இருக்கின்றன. நகரத்துக் கண்காட்சி ஒன்றில் அதற்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். உழைப்பின் துயரத்தை உலகுக்கு உணர்த்துகின்றது என்று எம்மைப் போன்ற முற்போக்காளர் அதனைப் பாராட்டியும் எழுதக்கூடும். எமது இரக்கம் அப்படித்தான் பழகியிருக்கின்றது; முதுகைக் கண்டால் உருகுகின்றது. அம்முதுகுக்குரியவர் நாற்காலியில் உட்கார்ந்து எம்மை நேருக்கு நேர் பார்த்தால், அப்படத்தில் 'யதார்த்தம்' குறைகின்றது என்று குறை சொல்கின்றது. தேயிலையை விற்கப் படம் எடுத்தவன் அவரைச் சிரிக்கச் சொன்னான். நாம் அவரைச் சுமக்கச் சொன்னோம். அவர் எப்படித் தோன்ற விரும்புகின்றார் என்று இருவருமே கேட்கவில்லை.

மறுநாட் காலையில் புறப்படும்போது, கூலி கொடுப்பதா வேண்டாமா என்று எமக்குள் ஒரு தயக்கம். அன்பினால் செய்த உதவிக்குப் பணம் நீட்டினால் மனம் புண்படுமோ என்று எண்ணினோம். 2021இன் வர்த்தமானி அறிவித்தலின்படி அப்போது தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபா. அத்தாளை அம்மாயியிடம் நீட்டினோம். அவர் எவ்விதத் தயக்கமும் இன்றி வாங்கி, இடுப்பிலே செருகிக்கொண்டார். "முழுப்பேர் போட்டுட்டீங்க" என்றார். அன்பு வேறு, வேலை வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்தது. கூலியைக் கொடுக்காமல் விடுவதற்கு அன்பைச் சாக்காக்கப் பார்த்தவர்கள் நாமே.

பாடசாலைக் கண்காட்சியில் முதுகுப் படம் வைக்கப்படவில்லை. நாற்காலிப் படம் வைக்கப்பட்டது. அதன்கீழ் அவர் முழுப்பெயரும், தாய் தந்தையர் பெயரும், பிறந்த தோட்டமும், வேலை செய்த ஆண்டுகளும், அவர் சொல்லச் சொல்ல மாணவி எழுதியவாறே இருந்தன. இறுதி வரியை மாணவரே சேர்த்தனர்: 'இக்கண்காட்சியின் படங்களுக்கு ஒளி தந்த பற்றரியை மலைமேல் சுமந்தவர்.' ஓடையில் இறங்கி நின்ற சிங்களத் தொழிலாளருக்கும் ஒரு வரி எழுத விரும்பினர். அவர் பெயரை நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவ்விடத்தை வெறுமையாகவே விட்டோம். எமது தவறு எமது சுவரிலேயே தொங்கட்டும் என்று.

அக்கண்காட்சிக்குப் பின் மாணவர் ஒரு கொப்பி வைத்திருக்கின்றனர். படம் எடுக்கச் செல்லும் தோட்டம்தோறும், முதலாவது பக்கத்தில் சுமந்தவர் பெயர், சுமந்த நிறை, கொடுத்த கூலி. அடுத்த பக்கத்திலேயே படம் எடுத்தவர் பெயர். எவர் எப்படி எடுக்கச் சொன்னாரோ, அப்படியே எடுப்பது. இரண்டு பிரதி, முதலாவது வீட்டுக்கு, இரண்டாவதே கண்காட்சிக்கு. இவை சிறு விதிகள். இவற்றால் அறுந்த பாதை இணைந்துவிடாது. மண்சரியும் லயத்திலிருப்போர்க்குக் காணியும் வீடும் கிடைத்துவிடா. அவை கிடைக்கவேண்டுமாயின், பெட்டி சுமந்தோரும் ஓடையில் நின்றோரும் ஒரு வரிசையில் நின்று கேட்கவேண்டும்; கேட்கும்போது அவர்களுக்கு முகமும் பெயரும் இருக்கவேண்டும்.

மழை குறைந்ததும் மீண்டும் ஏற எண்ணியிருக்கின்றோம். அந்த முதியவரின் மகனோடு வேலை செய்த ஒருவர் கொழும்பிலே இருக்கின்றாராம். அவருடைய பழைய போனில் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று இருக்கலாம் என்று மாணவி சொல்கின்றாள். கிடைத்தால், இம்முறை சுமை குறைவு. ஒரு படம் மட்டுமே கொண்டுபோக வேண்டும். வழியிலே ஓடைக்கரையில் சற்று நின்று, ஒரு பெயரும் கேட்டு வரவேண்டும்.